தோட்டத்து வீட்டில் கறவையும் கைக்குழந்தையும்: ஒரு நாளை ஓட்டிப் போக முழுமையான வழிகாட்டி

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து தள்ளி, தோட்டத்துக்குள்ளேயே வீடு. இரண்டு மூன்று கறவை மாடு, நாலு வெள்ளாடு, கொஞ்சம் கோழி. வீட்டுக்காரர் தண்ணீர் பாய்ச்சவும் சந்தைக்குமாக அலைகிறவர். மாமியார் இருந்தாலும் முட்டி வலி, ஓடிப் போய்ப் பிள்ளையைப் பிடிக்க முடியாது. தவழ்கிற வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அப்படிப்பட்ட வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் அம்மாவுக்கு எழுதுவது இது.

ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில், மஞ்சளும் தென்னையும் உள்ள தோட்டத்தில் 11 வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. பக்கத்துத் தோட்டங்களுக்கு டவுனிலிருந்து கல்யாணமாகி வந்த நாலைந்து பெண்கள் தடுமாறியதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பால் கறக்கப் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடுகிறார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். தோட்டத்தில் அது ஒரு நாள்கூட நிற்காது. கரண்ட் வரும் நேரம் மாறும், மாடு சினைக்குக் கத்தும், பால் வண்டி அரை மணி முன்னால் வந்து நிற்கும்.

அதற்குப் பதில் உங்கள் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். பாதியில் போட்டுவிட்டு ஓடக்கூடிய வேலை ஒரு பக்கம், போட்டுவிட்டு ஓட முடியாத வேலை இன்னொரு பக்கம். வாசல் கூட்டுவது, சாணி வழிப்பது, களை எடுப்பது, மாட்டுக்குத் தட்டு (சோளத்தட்டு) போடுவது, துணி துவைப்பது எல்லாம் முதல் வகை. பிள்ளை அழுதால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். பால் கறப்பது, மாட்டைக் கயிற்றில் பிடித்து நடத்துவது, தட்டு வெட்டும் மிஷின் ஓட்டுவது, பூச்சி மருந்து கலப்பது, கிணற்றடியில் எந்த வேலையும், பெரிய அடுப்பில் எது கொதித்தாலும் அது இரண்டாம் வகை.

இரண்டாம் வகை வேலையை, பிள்ளை ஒன்று இன்னொரு பெரியவர் கையில் இருக்கும்போது அல்லது அடைப்புக்குள் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். "கண்ணெதிரே விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்பது கணக்கில் சேராது. கறக்கும்போது உங்கள் கண் மடியில் இருக்கும்.

"ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு செய்கிற வேலைகள் எல்லாமே இரண்டாம் வகையில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு அடைப்பு. கோழிக்குஞ்சுக்குப் பஞ்சாரம் இருக்கிறது, ஆட்டுக்குட்டிக்குப் பட்டி இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் வெட்டவெளியில் விட்டிருக்கிறோம். ஊர் வெல்டிங் பட்டறையில் சொன்னால் நாலடிக்கு ஆறடி, இரண்டரை அடி உயரத்தில் அடித்துக் கொடுப்பார்கள். கம்பி நெட்டுவாக்கில் இருக்கட்டும். குறுக்குக் கம்பி இருந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. கம்பிக்குக் கம்பி மூன்று விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம், தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

அடைப்பைக் கறக்கும் இடத்திலிருந்து பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முகம் தெரிந்தால் பாதி அழுகை இருக்காது. மாடு பின்னால் உதைத்தாலும் எட்டாத தூரம் வேண்டும். தென்னை மரத்தடியில் மட்டும் வேண்டாம். காய் விழாவிட்டால் மட்டை விழும்.

அடுத்து பூச்சி மருந்துக்குப் பூட்டுப் போட்ட பெட்டி, உயரத்தில், வீட்டுக்கு வெளியே. எல்லாப் படுக்கைக்கும் கொசுவலை, தலைக்கு ஒரு டார்ச், பிள்ளை காலுக்குச் சரியான கம்பூட்ஸ். பூட்ஸ் பெரிதாக வாங்கினால் தடுக்கி விழும், இல்லாவிட்டால் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலில் ஓடும்.

கடைசியாக ஒன்று, நிறையப் பேர் விடுவது. சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்: 108, மாட்டுக்கு 1962, பக்கத்துத் தோட்டத்தார் இருவரின் எண். அதற்குக் கீழே உங்கள் தோட்டத்துக்கு வழி. எந்த ரோடு, எந்தக் கோயில் பிரிவு, எத்தனையாவது டிரான்ஸ்பார்மர். ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது பதற்றத்தில் வாயில் வராது, சுவரைப் பார்த்துப் படிக்கலாம். மாமியாரும் படிக்கலாம், பெரியவனும் படிக்கலாம்.

3. பிள்ளையின் உயரத்தில் தோட்டத்தைச் சுற்றுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி நூறடிக்குள் முட்டி போட்டுத்தான் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நின்று பார்த்தால் தெரியாதது அங்கே தெரியும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கிணறு எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மாட்டுத் தாழி நினைவில் இருக்காது. பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்புறத்தை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) துணி ஊறவைத்த பக்கெட்டும் இருக்காது. நடை பழகுகிற பிள்ளைக்கு உடம்பு அளவுக்குப் பார்த்தால் தலை கனம் அதிகம். குனிந்து உள்ளே விழுந்தால் திரும்ப எழத் தெரியாது, ஒரு சாண் தண்ணீர் போதும். அதனால் பக்கெட்டை வேலை முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள், தாழிக்குக் கம்பி வலை மூடி போடுங்கள், சிமென்ட் தொட்டியைச் சுற்றி மூன்றடிக்கு அடைப்பு வையுங்கள்.

அப்போது சின்னவளுக்கு ஒன்றே கால் வயது. நான் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றது. "சரி, விளையாட்டு முடிந்தது" என்று நினைத்து முடிச்சை முடித்துவிட்டுத் திரும்பினேன். பக்கெட்டின் விளிம்பில் வயிறு, கால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருக்கிறது, கொலுசு மட்டும் ஆடுகிறது. தூக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் விழும் பிள்ளை கத்தாது. அன்றைக்குப் பிறகு சத்தம் கேட்டால் நடந்து போகிறேன், சத்தம் நின்றால் ஓடுகிறேன்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது, இறங்கும் படிக்குக் கதவும் வேண்டும். தண்ணீர் வராமல் விட்டுவிட்ட போர்க்குழி (ஆழ்துளைக் கிணறு) இருந்தால் அன்றைக்கே வேலையை முடியுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது வீட்டுத் தோட்டத்துக் குழியில்தான். சாக்கு போட்டு மேலே கல் வைப்பது மூடி ஆகாது. உபயோகத்தில் இருக்கும் போருக்கு இரும்பு மூடியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். கைவிட்டதை அடியிலிருந்து மேல்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது மோட்டார் ரூம். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எப்போதும் பூட்டு. சாவி பிள்ளை எட்டாத ஆணியில். முடிந்தால் போனிலிருந்தே போட்டு நிறுத்துகிற மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிவிடுங்கள். கரண்ட் வந்த சத்தத்துக்கு இடுப்பில் பிள்ளையோடு ஈரக்காலில் ஓடுவது நின்றுபோகும். எங்கள் வீட்டில் பிரிட்ஜுக்கு முன்னால் வாங்கியது அதைத்தான்.

பிறகு மருந்து. பூச்சி மருந்தையோ களைக்கொல்லியையோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைக்குப் பாட்டில் என்றால் குடிக்கிற பொருள். மீதி மருந்து அதன் டப்பாவிலேயே இருக்கட்டும். டப்பாவின் மேல் உள்ள சாய்சதுரத்தில் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கடும் விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் பூட்டுக்குள்தான். எலி பேஸ்ட்டை ரொட்டியில் தடவிப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வைக்கும் வழக்கத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மருந்து அடித்துவிட்டு வருகிறவர் நேராக வந்து பிள்ளையைத் தூக்குவார். தடுத்தால் கோபம்கூட வரும். "ஏனுங்க, குளிச்சுட்டு வந்து எடுங்க" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சட்டையில் உள்ளது பிள்ளையின் தோல் வழியாகவும் இறங்கும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

தட்டு வெட்டும் மிஷினுக்கு ஒரு வரி போதும்: வெட்டி முடித்ததும் சுவிட்சை நிறுத்துவதோடு விடாமல் பிளக்கையும் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

4. காலை: மடியைத் தொடும் முன் பிள்ளை

முழு நாளும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மடியைக் கழுவித் தடவிக் கொடுத்ததும், அல்லது கன்று முட்டியதும், மாடு பால் விடத் தொடங்குகிறது. அந்தச் சுரப்பு ஏழெட்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். பாதியில் எழுந்து போய்ப் பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தால் மாடு பாலை மேலே இழுத்துக்கொள்ளும். மிச்சப் பால் மடியிலேயே தங்கும். ஒரு நாள் இரண்டு நாள் பரவாயில்லை. தினமும் இப்படி நடந்தால் கறவை குறையும், மடி நோய்க்கும் இடம் கொடுக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி நடுநடுவே எழுந்து ஓடி ஓடி, "மாடு பால் தர மாட்டேங்குதுங்க அக்கா" என்று வந்து நின்றாள். மாட்டின் மேல் தப்பே இல்லை.

ஆகவே வரிசை இப்படி. எழுந்ததும் முதலில் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு பிள்ளைக்கு. கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் கொடுத்து ஏப்பம் விடவைத்துப் படுக்க வையுங்கள். பசியோடு அடைப்பில் விட்டால் மூன்றாவது நிமிடம் அழும், ஏழு நிமிடம் தாங்காது. விழித்திருக்கும் பெரிய பிள்ளையை ஒன்றுக்குப் போகவைத்து, கையில் ஏதாவது கொறிக்கக் கொடுத்து அடைப்பிலோ திண்ணையிலோ உட்கார வையுங்கள்.

அதற்குப் பிறகு கட்டுத்தரையில் சாணி வழிப்பது, மாட்டைத் தட்டி எழுப்புவது, தவிடும் புண்ணாக்கும் கலப்பது. இவை விடக்கூடிய வேலைகள். இந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் மடியைக் கழுவாதீர்கள், காத்திருங்கள். மடி கழுவாத மாடு இன்னும் கால் மணி நிற்கும்.

பிள்ளை அடங்கியதும் போசியை (பால் கறக்கும் பாத்திரம்) எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இனி எழக் கூடாது. அடைப்புக்குள் இருக்கும் பிள்ளை அழுதால் வாயால் பேச்சுக் கொடுங்கள். "இதோ சாமி, இன்னும் ஒரு காம்புதான்" என்று நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, சின்னவள் பேசப் பழகியபோது முதலில் சேர்த்துச் சொன்ன இரண்டு வார்த்தை "ஒரு காம்பு".

கறந்து முடித்ததும் தட்டையோ புல்லையோ அள்ளிப் போடுங்கள். இதற்கும் காரணம் உண்டு. கறந்த பிறகு காம்பின் துளை மூட அரை மணி வரை ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி ஏறும். தீனி முன்னால் இருந்தால் நின்று தின்னும். அந்த அரை மணி உங்களுக்கும் கிடைக்கிறது, முழுக்க முழுக்கப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் இன்னொரு தவறு, அப்பாரு பேரனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி மடியிலிருந்தே பீய்ச்சி விடுவது. பார்க்க அழகுதான். பச்சைப் பால் வழியாகப் புருசெல்லோசிஸ் என்ற நோய் மனிதருக்கு வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சியே கொடுங்கள், சீம்பாலையும் வேகவைத்தே கொடுங்கள். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப் பால் வேண்டாம். வீட்டில் பால் வழிகிறதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

5. பால் ஊற்றியதிலிருந்து பள்ளி வேன் வரை

இங்கே சுருக்கமாகப் போகலாம். பையும் சீருடையும் முந்தின இரவே வாசலோரம் தயாராக இருக்கட்டும். வேன் தார் ரோட்டில்தான் நிற்கும். தோட்டத்துத் தடத்தில் பிள்ளை நடக்கும் நேரத்தை உங்கள் நடையில் கணக்குப் போடாதீர்கள், இரண்டு மடங்கு வையுங்கள். ஓணானைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் அந்தத் தடத்தைக் கடக்காது.

பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தால் காலை உணவுத் திட்டத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 1 முதல் 5 வகுப்பு வரை காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ உண்டு. "வீட்டில் இருக்கும்போது எதற்கு" என்று கௌரவம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கறவை உள்ள வீட்டில் அது உங்களுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு வயது முடிந்ததை அங்கன்வாடியில் விடுங்கள். மதியம் வரை அங்கே இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும்போது செய்ய முடியாத இரண்டாம் வகை வேலைகளை, குறிப்பாகத் தட்டு வெட்டுவதை, அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

6. காட்டு (வயல்) வேலைக்குக் கூட்டிப் போகும்போது

போகும் முன் பிள்ளைக்கு இடம் பாருங்கள், பிறகு வேலைக்கு இடம் பாருங்கள். பெரும்பாலோர் மாற்றிச் செய்கிறார்கள். களை எடுக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மரம் தேடுவார்கள், அதற்குள் பிள்ளை முகம் சிவந்துபோயிருக்கும்.

தொட்டில் கட்ட வேம்பு நல்லது. கட்டும் முன் கிளையைக் கையால் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். உங்கள் கனம் தாங்கினால் பிள்ளை கனம் தாங்கும். மரத்தில் முசுறு (கடிக்கும் சிவப்பு எறும்பு) இருக்கிறதா என்று மேலேயும், எறும்புப் புற்று இருக்கிறதா என்று கீழேயும் பாருங்கள். சேலை கயிற்றில் மாட்டும் இடத்துக்கு மேல் வேப்பெண்ணெய் நனைத்த துணி சுற்றினால் எறும்பு இறங்காது. தொட்டில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

நிழல் நகரும். ஒன்பது மணிக்கு நிழலாக இருந்த இடம் பதினொன்றுக்கு வெயில். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் முதுகுக்கும் நல்லது. சித்திரை, வைகாசியில் பதினொன்றிலிருந்து நாலு வரை பிள்ளையோடு காட்டில் இருக்காதீர்கள். களை அதற்குள் ஒன்றும் மரமாகிவிடாது.

டிராக்டர் உழும் நாளில் பிள்ளை காட்டிலேயே இருக்கக் கூடாது. வாசலில் நின்று கிளம்பும் டிராக்டருக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: பிள்ளைகள் எல்லோரும் திண்ணையில் ஏறி நின்று கை தட்டிய பிறகுதான் சாவி திருப்புவது. பின்னால் எடுக்கும்போது ஓட்டுகிறவருக்கு ரொட்டவேட்டரின் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் உழவுக் கருவி) அடியில் இருப்பது தெரியாது. மட்கார்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதும் வேண்டாம், அழுதாலும் வேண்டாம்.

7. மாடும் கயிறும்

மாட்டைப் பற்றிப் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது கயிறு பிடிப்பது. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. மடித்து உள்ளங்கையில் பிடிக்கலாம், சுற்றினால் மாடு மிரண்டு ஓடும்போது கழலாது. மணிக்கட்டைச் சுற்றி எனக்கு இருக்கும் தழும்பு ஏழு வயதில் எருமைக்கன்று இழுத்தது. பெரியவனுக்குப் பாடம் சொல்ல அதைத்தான் நீட்டிக் காட்டினேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பக்கவாட்டில் போகப் பழக்குங்கள். நேர் பின்னால் சத்தமில்லாமல் போனால் எந்தச் சாது மாடும் உதைக்கும். கன்று போட்ட மாட்டிடம் முதல் சில நாள் பிள்ளைகளை விடாதீர்கள். நேற்றுவரை முகத்தை நக்கிக் கொடுத்த மாடு இன்று கன்றுக்காக முட்டும். கன்று வீசிய (குறைமாதத்தில் கரு கலைந்த) மாட்டின் நஞ்சுக்கொடியைப் பிள்ளைகள் தொடக் கூடாது. நீங்கள் மாசமாக இருந்தால் நீங்களும் தொடாதீர்கள். வேறு ஆள் கையுறை போட்டு எடுத்து ஆழக் குழி தோண்டிப் புதைக்கட்டும்.

8. பிள்ளைக்கு வேலை கொடுக்கும் வரிசை

வேலை கொடுங்கள், உதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஒரு வருடம் உங்கள் வேலை கூடத்தான் செய்யும். ஆனால் வேலை உள்ள பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று வயதில் கோழிக்குத் தானியம் இறைப்பது. ஐந்தில் முட்டை எடுப்பது. இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும்: முதலில் குச்சியால் கூட்டைத் தட்ட வேண்டும், பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கை. முட்டைக்குப் பாம்பும் வரும். ஏழு வயதில் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போடுவது, கன்றுக்குத் தண்ணீர் காட்டுவது. அரிவாள், மிஷின், மருந்து, கிணறு இந்த நான்கும் எந்தச் சின்ன வயதுக்கும் கிடையாது.

ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "கோழியை அடைச்சுட்டு, அப்படியே மோட்டாரை நிறுத்திட்டு வா" என்று சேர்த்துச் சொன்னால் இரண்டாவதில்தான் விபத்து. பெரிய பிள்ளையிடம் சின்னதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கறக்க உட்காருவதும் அப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளை விளையாட்டுக்குத் துணை, காவலுக்கு ஆள் கிடையாது.

9. சாயங்காலக் கறவையும் இரவும்

சாயங்காலம் காலையைவிடச் சிரமம், ஏனென்றால் எல்லோரும் களைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் சாப்பாடு, அதற்குப் பிறகு கறவை. மாற்றினால் பசியில் சண்டை வரும், நீங்கள் மடியில் கை வைத்த நேரத்தில் வரும். வீட்டுப்பாடத்தைக் கட்டுத்தரை ஓரமாகத் திண்ணையில் வைத்துக்கொண்டால் கறந்துகொண்டே வாய்ப்பாடு கேட்கலாம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு எங்கள் செவலை மாட்டுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் கை, கால், முகம் சோப்புப் போட்டுக் கழுவி, காலில் காயம் இருக்கிறதா என்று விரல் இடுக்கு வரை பாருங்கள். சாணியும் மண்ணும் புழங்கும் இடத்தில் சின்னக் கீறலும் கணக்கு. தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயதுக்கு மேல் போடுவதும், 5 வயதில் போடுவதும், 10, 16 வயதில் போடுவதும் விட்டுப்போகாமல் பாருங்கள், ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) அதுதான் காப்பு. பூச்சி மாத்திரை வருடம் இரண்டு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுப்பார்கள். அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள்.

இரவு தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில்தான் வரும், தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் தடமும் தெரியாமல் இருக்கலாம். கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். விறகு, தேங்காய் மட்டைக் குவியல் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, இருபதடியாவது தள்ளி. இரவில் ஒன்றுக்கு எழுந்தால் டார்ச் இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை என்பது பெரியவர்களுக்கும் சட்டம்.

10. ஏதாவது நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடம்

பாம்பு கடித்தால், அல்லது இரவு தூங்கிய பிள்ளை விடியலில் வயிற்று வலியோடு எழுந்து கண் இமை தொங்கி, விழுங்கச் சிரமப்பட்டால், பாம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கொலுசு, வளையல், அரைஞாண் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனை. நம் பக்கத்து நாலு முக்கியப் பாம்புக்கும் (நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்) ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை.

நாய் கடித்தாலும் பல் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாதீர்கள். உங்கள் வீட்டு நாயாகவே இருந்தாலும் ஊசி உண்டு. முதல் ஊசியோடு நிறுத்தாமல் அவர்கள் குறித்துக் கொடுக்கும் எல்லா நாளும் போடுங்கள்.

பூச்சி மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் வேண்டாம். மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் அடுத்த வேலை நடக்கும்.

11. பருவம் மாறும்போது மூன்றாவது படியைத் திரும்பச் செய்யுங்கள்

தோட்டம் ஒரே மாதிரி இருப்பதில்லை, பிள்ளையும் இருப்பதில்லை. போன மாதம் எட்டாத தாழ்ப்பாள் இந்த மாதம் எட்டும்.

எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விடுவார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் வாய்க்கால்தான் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம். தண்ணீர் திறக்கும் செய்தி வந்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிப்போய் வாய்க்கால் கரையில் நிறுத்தி, "இனி இங்கே இல்லை" என்று காட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் உட்கார்ந்து சொன்னால் மண்டையில் ஏறாது.

மழைக்குப் பிறகு புல் வளரும், வாசல் ஓரத்தை வெட்டுங்கள். குழிகளில் தண்ணீர் நிற்கும், மூடுங்கள். தை, மாசியில் மஞ்சள் வெட்டி வேகவைக்கும்போது வாசலில் கொப்பரையும் நெருப்பும் வெளியாட்களுமாக இருக்கும். ஆள் நிறைய இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நாட்களில் சின்னவளை அம்மாயி (அம்மாவழிப் பாட்டி) வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அனுப்ப முடியாத வருடம், கொப்பரையைச் சுற்றிப் பத்தடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிள்ளையைப் பிடிக்க வேண்டியவர் யார் என்று ஒருத்தர் பெயரை மட்டும் காலையிலேயே சொல்லி, அவருக்கு அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைக்கவில்லை.